வைசூரி விடைபெற்ற வரலாறு

வரலாறு என்றால் மன்னர் முடிசூடிய ஆண்டும், போர் நடந்த களமும் என்றே நாம் பள்ளியில் உருப்போட்டோம். நம் முன்னோர் வீட்டுப் பெண்டிர் காலத்தைக் கணக்கிட்ட முறையோ வேறு. தாது வருஷத்துப் பஞ்சம் என்பார்கள். பெரும்புயல் அடித்த ஐப்பசி என்பார்கள். ஊரில் வைசூரி பரவிய கோடை என்பார்கள். ‘அந்த அம்மையிலேதான் மூத்தவன் போனான்’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் சரித்திரமே அடங்கிக் கிடந்தது. அரசர்களின் பெயர்கள் ஏட்டிலே தங்கின. வைசூரியின் பெயரோ மக்கள் முகத்திலே தழும்பாகத் தங்கியது.

பெரியம்மை என்றும் வைசூரி என்றும் நம்மவர் அஞ்சிய அந்நோய் இன்று உலகில் எங்கும் இல்லை. அமெரிக்காவிலும் ருஷியாவிலும் உள்ள இரண்டு ஆய்வுக்கூடங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் கிருமியைத் தவிர, மனித உடலில் அது குடியிருக்க ஓரிடமும் இல்லை. அஃது எவ்வாறு ஒழிந்தது? நாம் ஊதியம் பெறும் ரயில்வேக்கும், நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் மக்களுக்கும் அவ்வரலாற்றில் இருந்த தொடர்பு யாது? அதனின்று இக்குடியிருப்பின் பெற்றோராகிய நாம் கற்க வேண்டியது என்ன? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியமும் இசையும் மணக்க வேண்டிய ஆண்டு விழா மலரில் ஊசியைப் பற்றிய பேச்சு எதற்கு என அன்பர் சிலர் வினவலாம். சங்கம் வாழ்வது அதன் குழந்தைகளால். அவர்கள் நலத்தைப் பேசாத மலர் மணமில்லாத மலரே என்பது நம் விடை.

அன்னையும் அம்மையும்

நோயைத் தெய்வத்தின் வருகையாகவே நம் மக்கள் கருதினர். கொப்புளத்தை ‘முத்து’ என்றனர். நோய் கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகினர். தாளிப்பு இல்லை, வெளியார் வருகை இல்லை. முத்து உதிர்ந்து மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னரே பிள்ளை பிறரோடு கலந்தது. ஆய்ந்து நோக்கின், இவ்வழக்கங்களில் அறிவும் கலந்திருந்தது புலனாகும். வாயிலில் தொங்கிய வேப்பிலைக் கொத்து, ‘இங்கே நுழையாதீர்’ என்று எழுத்தறியாதாருக்கும் உணர்த்திய அறிவிப்புப் பலகையே அல்லவா?

நாம் இன்று வாழும் வங்க நாட்டிலும் இதே கதைதான். நமக்கு மாரியம்மன் எப்படியோ, இவர்களுக்குச் சீதளாதேவி அப்படி. கழுதையின்மேல் அமர்ந்து, துடைப்பமும் குடமும் ஏந்திய அத்தேவியின் கோயிலைக் கரக்பூர்த் தமிழர்கள் அறியாதவர் அல்லர். மாரி என்றால் மழை. சீதளம் என்றால் குளிர்ச்சி. உடல் தீயாய் எரிந்த பிள்ளையின் அருகில் அமர்ந்த தாய், தெற்கிலும் கிழக்கிலும் ஒரே வரத்தைத்தான் வேண்டினாள்.

வேண்டுதல் ஒருபுறம் நிற்க, நோயின் கொடுமை எத்தகையது என்பதைச் சென்னைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையின் பதிவேடுகள் காட்டுகின்றன. அங்கு 1960-களில் ஆயிரக்கணக்கான வைசூரி நோயாளிகளைக் கண்டு ஆராய்ந்த டாக்டர் ஏ. ஆர். ராவ், தம் அனுபவத்தை 1972-இல் நூலாக வெளியிட்டார். அம்மை குத்திக்கொள்ளாமல் நோயுற்றவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் மாண்டனர். குத்திக்கொண்டிருந்தும் நோயுற்றவர்களிலோ நூற்றுக்கு ஆறு பேரளவே இறந்தனர். பிழைத்தவர்க்கும் முகமெல்லாம் வடு; சிலர்க்குக் கண்ணும் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகில் இந்நோயால் இறந்தோர் 30 கோடி இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர்.

டீக்காவும் பசுவின் கொடையும்

நம் குழந்தைகள் பள்ளியிலும் தெருவிலும் ‘டீக்கா’ என்ற சொல்லைக் கேட்கின்றனர். தடுப்பூசிக்கு இன்றும் வழங்கும் அச்சொல் ஆங்கில மருத்துவம் வருமுன்பே இம்மண்ணில் இருந்தது. வைசூரி கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளை நலமாயிருப்பவரின் கையில் சிறிதளவு கீறி வைப்பர். அவருக்கு நோய் இலேசாக வந்து போகும். பின் வாழ்நாளில் வாராது. இத்தொழில் செய்தவர் டீக்காதார் எனப்பட்டனர். கோடை தொடங்குமுன் அவர்கள் கூட்டங்கூட்டமாக வங்கக் கிராமங்களுக்கு வந்து வீடுதோறும் டீக்கா வைத்த செய்தியை, கல்கத்தாவில் வாழ்ந்த ஹால்வெல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1767-இல் இலண்டன் மருத்துவர் கழகத்திற்கு எழுதி வைத்திருக்கிறார்.

இம்முறை பலருடைய உயிரைக் காத்தது உண்மையே. ஆயின், அதில் இரண்டு குறைகள் இருந்தன. நூற்றுக்கு ஓரிருவர் அதனாலேயே இறந்தனர். டீக்கா வைத்துக்கொண்டவரிடமிருந்து பக்கத்து வீட்டாருக்கு உண்மையான வைசூரி பரவுவதும் உண்டு. தம் பிள்ளையைக் காக்கப் போய் அயலார் பிள்ளையை இழக்கச் செய்வது அறமாகுமோ?

அதற்கு விடை கிடைத்தது ஒரு மாட்டுக் கொட்டிலில். பால் கறக்கும் பெண்டிர்க்குப் பசுவின் மடியிலிருந்து ஓர் இலேசான அம்மை கையில் தொற்றும் என்பதும், அவர்களை வைசூரி அண்டுவதில்லை என்பதும் இங்கிலாந்து நாட்டுப்புறத்தார் அறிந்த செய்தி. எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர் அதனைச் சோதித்துப் பார்த்தார். 1796-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், பால்காரப் பெண் ஒருத்தியின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்ததை 8 வயதுச் சிறுவன் கையில் கீறி வைத்தார். பின்னர் அச்சிறுவனுக்கு வைசூரிச் சீழையே குத்திப் பார்த்தும் நோய் பற்றவில்லை. 1798-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். இலத்தீன் மொழியில் ‘வாக்கா’ என்றால் பசு. அதிலிருந்து பிறந்ததே ‘வாக்ஸின்’ என்னும் சொல். நம் நாட்டார் அதனை அம்மைப்பால் என்றனர். பசுவிடமிருந்து கிடைத்ததற்குப் பால் என்ற பெயர் பொருத்தமே.

கையிலிருந்து கைக்கு

அம்மைப்பால் கடல் கடந்து இந்தியா வந்த வரலாறு கதைபோல் இனிப்பது. குளிர்ப்பெட்டியும் பனிக்கட்டியும் இல்லாத காலம். கப்பல் வருவதற்குள் வெப்பத்தில் அதன் வீரியம் போய்விடும். வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று ஊர் ஊராக, ஒருவர் கையில் வைத்து, கொப்புளம் எழுந்ததும் அதிலிருந்து அடுத்தவர் கைக்கு எடுத்து, விளக்கிலிருந்து விளக்கேற்றுவதுபோல் அதனைக் கொண்டுவந்தனர். 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்னும் 3 வயதுப் பெண் குழந்தைக்கு அது பலித்தது. இந்தியாவில் அம்மைப்பால் ஏற்ற முதற் குழந்தை அவளே. அவள் கையிலிருந்து வேறு குழந்தைகளுக்கும், அங்கிருந்து பூனா, சூரத்து, ஐதராபாத்து, சென்னை, இலங்கை என நாடெங்கும் அம்மைப்பால் சென்றது. பேசவும் சரியாகப் பழகாத ஒரு குழந்தையின் சிறு கை இத்தனை தேசங்களுக்கும் காப்பாயிற்று!

எனினும், மக்கள் உடனே கை நீட்டிவிடவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றவர்க்கு எடுப்பதில் சாதி வேற்றுமை குறுக்கிட்டது. வேறு நோய்கள் தொற்றும் என்ற அச்சமும் இருந்தது, அவ்வச்சம் பொய்யுமன்று. 1865-இல் கல்கத்தாவிலும் சுற்றுப்புறத்திலும் பழைய டீக்கா முறையை அரசினர் தடை செய்தபோது, தலைமுறை தலைமுறையாக அதனால் பிழைத்தவர் பிழைப்பு இழந்தனர். 1880-இல் நகரசபைப் பகுதிகளுக்கும் கண்டோன்மெண்டுகளுக்கும் அம்மை குத்தும் சட்டம் வந்தது. அந்நிய அரசு கையைப் பிடித்து இழுத்துக் குத்துகிறது என்ற எண்ணம் மக்களிடை வளர்ந்தது. அம்மை குத்துபவர் தெருவில் நுழைந்ததும் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்துவைத்த கதைகளை நம் ஊர்ப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பின்னாளில் கன்றுகளின் உடலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை வந்து, கைக்குக் கை எடுப்பது நின்றது. 1899-இல் சென்னைக் கிண்டியில் இதற்கென ஒரு நிலையம் தோன்றியது. அப்போது சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கிங் என்பார் பெயரால் அது கிங் நிலையம் என வழங்கலாயிற்று. தமிழகத்துத் தாத்தாமார் பலர் கையில் காணப்பட்ட வட்டத் தழும்பு கிண்டியின் முத்திரை என்றே கூறலாம்.

ஐயமும் ஆய்வும்

தடுப்பூசியின் வரலாற்றைச் சொல்வோர் அதன் வெற்றியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையன்று. குறைகளையும் மறைக்காமல் சொன்னால்தான் பெற்றோர்க்கு நம்பிக்கை பிறக்கும்.

1897-இல் பம்பாயில் பிளேக் நோய்க்கு ஊசி மருந்து கண்டுபிடித்துத் தம் உடலிலேயே முதலில் குத்திச் சோதித்துக்கொண்டவர் ஹாப்கின் என்னும் அறிஞர். 1902-இல் பஞ்சாபிலுள்ள மல்கோவால் என்னும் சிற்றூரில் அம்மருந்து போட்டுக்கொண்ட 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். பழி அவர்மேல் விழுந்தது. 19 பேரும் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள் என்பதும், அப்புட்டியை அவ்வூரில் திறந்தபோதே மாசு புகுந்தது என்பதும் பின்னர் ஆய்வாளர் கண்ட முடிவு. 1907-இல்தான் அவர் பழி நீங்கப்பெற்றார். இன்று ஊசி ஒவ்வொருவர்க்கும் புதிதாக எடுக்கப்படுவதும், ஒரு முறை பயன்பட்டது மறுமுறை பயன்படாதவாறு செய்யப்படுவதும் இத்தகைய துயரங்கள் கற்பித்த பாடங்களே.

பெரியோரும் ஐயுற்றதுண்டு. காந்தியடிகள் அம்மை குத்துதலை விரும்பியவரல்லர். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி நாடெங்கும் போடப்பட்டபோது, 1955-இல் இராஜாஜி அதனை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். பயன் ஐயமற நிறுவப்படாததைக் குழந்தைகள் அனைவர்க்கும் போடுதல் தகுமோ என்பது அவர் வினா. அவ்வினாவைப் புறந்தள்ளி விடவில்லை நம் நாட்டு விஞ்ஞானிகள். 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இலட்சக்கணக்கானோரிடம் அதனை ஆராயத் தொடங்கினர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த முடிவு. அதனை ஒளிவின்றி வெளியிட்டனர். ஆயினும், பச்சிளங் குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கி உயிர் பறிக்கும் கொடிய காசத்தினின்று அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் உறுதியாயிற்று. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுகின்றனர்.

ஐயம் வேறு, வதந்தி வேறு. ஐயம் ஆய்வைத் தேடும். வதந்தி ஆய்வைக் கண்டு ஓடும். தட்டம்மை ஊசியால் குழந்தைகட்கு மனவளர்ச்சிக் கோளாறு வருகிறது என்று 1998-இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் எழுதினார். பல நாடுகளில் நடந்த பெரும் ஆய்வுகள் அதனைப் பொய்யென்று காட்டின. 2010-இல் அப்பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனினும் பொய்க்கு இறக்கை முளைத்துவிட்டது. 2017 பிப்ரவரியில் தமிழகத்துப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். அச்சம் பிள்ளைமேல் கொண்ட அன்பினால் பிறந்ததே. அதனை நாம் இகழோம். அவ்வன்புக்கு மெய்யான செய்தி துணையாக வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

டாட்டாநகர் தந்த பாடம்

விடுதலைக்குப்பின் 1962-இல் வைசூரியை அறவே ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கானோர்க்கு அம்மைப்பால் வைத்தனர். கணக்குப் பதிவேடுகள் நிறைந்தன, நோயோ ஒழியவில்லை. காரணம் என்ன? எளிதில் கிடைத்தவர்க்கே மீண்டும் மீண்டும் குத்தினர். கிடைக்காதவர் கிடைக்காமலே போயினர். பள்ளிப் பிள்ளைக்கு இரு முறை; பாலத்தின் கீழ்க் குடியிருந்தவன் பிள்ளைக்கு ஒருமுறையும் இல்லை. இன்று இவ்வூரில் வேலை, நாளை வேறூரில் வேலை என்று அலைந்தவர் பெயர் எப்பதிவேட்டிலும் ஏறவில்லை.

எனவே புதுவழி கண்டனர். ஊழியர்கள் நோயின் படம் தாங்கிய அட்டையுடன் வீடுவீடாகச் சென்று, ‘இப்படி யாருக்கேனும் கண்டிருக்கிறதா?’ என்று கேட்டனர். நோயைத் தெரிவிப்போர்க்குப் பரிசு அறிவித்தனர். அது வளர்ந்து வளர்ந்து 1000 ரூபாய் வரை எட்டியது. நோய் கண்ட வீட்டைச் சூழ இருந்தோர் அனைவர்க்கும் உடனே இருமுனை ஊசியால் அம்மைப்பால் வைத்தனர். தீப்பிடித்த கூரையைச் சுற்றியுள்ள கீற்றை நனைப்பது போன்றதே இம்முறை.

இந்நிலையில் 1974-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு இந்தியாவில் மட்டும் 1,88,000 பேர்க்கு மேல் வைசூரி கண்டது. பீகாரே பெரும் நிலைக்களன். அக்கோடையில், நாட்டின் பல மூலைகளில் புதிதாக நோய் தோன்றிய ஊர்களில், ‘எங்கிருந்து வந்தீர்?’ என்று நோயாளியைக் கேட்டபோது ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தது: டாட்டாநகர்.

நம் நிலையத்திற்கு மேற்கே, இதே பாதையில், எத்தனையோ முறை நாம் பயணச்சீட்டுக் கொடுத்தும் வாங்கியும் பழகிய அதே டாட்டாநகர்தான். அப்போது பீகாரிலும், 2000-இலிருந்து ஜார்க்கண்டிலும் அடங்கிய அவ்விரும்பு நகருக்குப் பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்கள் நோயுற்றனர். நோயுற்றவன் எங்கே போவான்? தாயும் மனைவியும் இருக்கும் சொந்த ஊருக்குத்தான். ரயிலேறினான். அவனோடு வைசூரியும் ரயிலேறியது. எந்த வண்டி அரிசியையும் நிலக்கரியையும் கடிதங்களையும் சுமந்து நாட்டை ஒன்றாக்கியதோ, அதே வண்டி நோயையும் சுமந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் நடந்த பெரும் ரயில்வே வேலைநிறுத்தம், தேடுதற் பணியை மேலும் கடினமாக்கியது. எனினும் பணி நிற்கவில்லை. டாட்டா நிறுவனத்தார் மருத்துவர்களையும் ஊழியர்களையும் வண்டிகளையும் தந்து உதவினர். நகரம் முழுவதும் வீடுவீடாகத் தேடினர். ரயில் நிலையத்திலும் சாலைகளிலும் காவல் அமைத்து, ஊரைவிட்டுப் புறப்படுவோர்க்கு அம்மைப்பால் வைத்த பின்னரே செல்ல விட்டனர். நோய் பரவிய அதே வாயிலில் அதற்குத் தாழிட்டனர்.

ஓராண்டுக்குள் பயன் விளைந்தது. 1975 மே மாதத்தில் பீகாரின் கதிகார் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இந்நாட்டில் தோன்றிய கடைசி நோயாளி காணப்பட்டார். அதே மே 24-ஆம் நாள், எல்லைக்கு அப்பாலிருந்து வந்து அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் அண்டிப் பிழைத்த வீடற்ற பெண்மணி ஒருத்திக்கு நோய் கண்டது. இந்திய மண்ணில் வைசூரியின் கடைசிப் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில் எழுதப்பட்டது என்பதை ரயில்வேக் குடும்பத்தாராகிய நாம் மறக்கலாகாது. 1977 ஏப்ரலில் உலக அறிஞர் குழு வந்து ஆராய்ந்து இந்தியா விடுபட்டதென உறுதி கூறியது.

அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிரிக்காவின் சோமாலியா நாட்டில், மருத்துவமனைச் சமையற்காரராயிருந்த அலி மாவோ மாலின் என்ற இளைஞர் நோயுற்றார். இயற்கையாக வைசூரி தொற்றிய கடைசி மனிதர் அவரே. மருத்துவமனையில் பணி செய்தும், வலிக்கும் என்று அஞ்சி அம்மை குத்திக்கொள்ளாமல் இருந்தவர். அவர் பிழைத்தார். பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்துப் பணியில் தொண்டராகச் சேர்ந்து, தயங்கிய பெற்றோரிடம் தம் கதையைச் சொல்லி மனம் திருப்பினார். அப்பணியில் இருக்கும்போதே 2013-இல் காலமானார். 1980 மே 8-ஆம் நாள் உலக சுகாதாரச் சபை வைசூரி ஒழிந்ததென அறிவித்தது.

ஹவுராவில் முடிந்த வாதம்

டாட்டாநகர் மேற்கே என்றால் ஹவுரா நமக்குக் கிழக்கே. அங்கும் ஒரு வரலாறு முடிந்திருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தால் காலிழந்தோரை நம் தலைமுறை நேரிற் கண்டிருக்கிறது. 1995-இலிருந்து ஆண்டுதோறும் நாடெங்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து தரும் பணி நடந்தது. இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்ட குழந்தைகள் இன்று இளைஞர்களாகிவிட்டனர். வைசூரிப் போரின் பாடத்தை இம்முறை மறக்கவில்லை. ரயில் நிலையங்களிலும் ஓடும் வண்டிகளிலும் தொண்டர்கள் குழந்தைகளைத் தேடித் தேடிச் சொட்டு மருந்து கொடுத்தனர். செங்கற்சூளைகளுக்கும் கட்டட வேலையிடங்களுக்கும் சென்றனர். 2009-இல் 741 குழந்தைகளை முடமாக்கிய நோய், 2010-இல் 42 பேரோடு நின்றது. 2011 ஜனவரி 13-ஆம் நாள் ஹவுரா மாவட்டத்துச் சிற்றூரில் 18 மாதப் பெண் குழந்தை ஒன்று கால் தளர்ந்தது. சொட்டு மருந்து கிடைக்காத குழந்தை அது. அதன்பின் இந்நாட்டில் இயற்கையாகப் பரவும் அக்கிருமியால் எக்குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27-இல் இந்தியா விடுபட்ட நாடாகச் சான்று பெற்றது.

நம் குடியிருப்பும் நம் கடமையும்

இவ்வரலாற்றின் சாரம் யாது? நோய் கடைசியாக ஒளிந்துகொள்ளும் இடம் காடுமன்று, மலையுமன்று. பதிவேட்டில் விடுபட்ட குழந்தையின் உடலே அதன் ஒளிவிடம். விடுபடுவோர் பெரும்பாலும் இடம் பெயர்வோர். இடம் பெயர்வோர் யார்? நாம்தாம்!

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ குழந்தை பிறக்கிறது. பிறந்தவுடன் போடும் ஊசியும் ஆறாம் வாரத்து ஊசியும் அங்கே ஆகிவிடுகின்றன. மூன்றாம் மாதம் முடியத் தொட்டிலோடும் சீர்வரிசையோடும் பிள்ளை இங்கே வந்து சேர்கிறது. தடுப்பூசி அட்டையோ பாட்டியின் டிரங்குப் பெட்டியில் தங்கிவிடுகிறது. அடுத்த ஊசி எப்போது என்று கேட்பார் இல்லை. ஒன்றரை வயதில் தந்தைக்கு மாற்றல் உத்தரவு. ஐந்து வயதில் பள்ளி மாற்றம். தமிழில் எழுதிய அட்டையை வங்காளி சுகாதார ஊழியர்க்குப் படிக்கத் தெரியாது. அவர் சொல்வதை நம் வீட்டுப் பெண்களுக்குப் புரிந்துகொள்ள இயலாது. யாருடைய குற்றமும் இல்லாமலே பிள்ளை விடுபட்டுவிடுகிறது.

விடுபட்டால் என்ன? வைசூரி ஒழிந்தது, மற்றவை ஒழியவில்லை. தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, காப்பில்லாத 12 முதல் 18 பேர்க்கு அதனைத் தரவல்லது. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட நம் வரிசை வீடுகளில் அது பரவ எத்தனை நாளாகும்? முதல் தட்டம்மை ஊசி 9 மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. அதற்கு முன்னுள்ள கைக்குழந்தைக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசியே அரண். நூற்றுக்கு 95 பேர் இரண்டு முறையும் போட்டுக்கொண்டால்தான் அவ்வரண் நிற்கும். தொண்டை அடைப்பான் பழைய நோய் என்று எண்ணியிருந்தோம். 2016-இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் அது மீண்டும் தலைகாட்டி, ஊசி போடாத பிள்ளைகளையும் முறையாக முடிக்காத பிள்ளைகளையும் பற்றி உயிர்ப்பலி கொண்டது.

ஆகவே பெற்றோர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய காலக்கணக்கு இது: பிறந்தவுடன், பின் 6, 10, 14-ஆம் வாரங்களில், 9 மாதம் நிறைந்ததும், 16 மாதத்திலிருந்து 24 மாதத்திற்குள், 5 வயது நிறைந்து 6 முடிவதற்குள், பின் 10 வயதிலும் 16 வயதிலும். அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் இவையனைத்தும் இலவசம். 9 மாதத்தோடு முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகின்றனர்; பெரும்பாலும் தவறிப்போவன அதன் பின்னுள்ளவையே. இடையில் ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிறு சளி ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது. ஊசி போட்டபின் ஒரு நாள் காய்ச்சலும் கை வீக்கமும் வரலாம். உடல் காப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்க. கடும் ஒவ்வாமை மிக அரிது. அதனை உடனே கவனிக்கவே அரைமணி நேரம் அங்கே இருக்கச் சொல்கின்றனர். முன்பு ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை கண்ட பிள்ளையாயினும், நாட்பட்ட நோயுள்ள பிள்ளையாயினும் மருத்துவரிடம் சொல்லி அவர் சொற்படி நடக்க.

நம் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கிறோம். சந்தாக் கணக்கு வைத்திருக்கிறோம். பொங்கல் விழாவுக்கு எத்தனை இலை என்று கணக்கிடுகிறோம். அவற்றோடு, நம் குடும்பங்களிலுள்ள சிறு குழந்தைகளுக்கும் ஒரு சிறு பதிவேடு வைத்தல் அரிதன்று. மாற்றலாகி வரும் குடும்பத்தை வரவேற்கச் செல்லும் மகளிர் குழுவினர், ‘வீடு சௌகரியமா?’ என்று கேட்பதோடு, ‘பிள்ளையின் ஊசி அட்டை கைவசம் உண்டா?’ என்றும் கேட்கலாம். ஊரில் தங்கிவிட்ட அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல ஒரு நிமிடம் போதும். வங்காளமும் இந்தியும் அறிந்த நம் இளைஞர்கள், புதிதாக வந்த தாய்மாரோடு ஒருமுறை மருத்துவமனைக்குத் துணை சென்றால், மொழித் தடையும் நீங்கும். மொழிக்காகக் கூடிய சங்கம் செய்யத்தக்க தொண்டு இதனினும் வேறில்லை.

நம் ஆண்டு விழா மேடையில் ஆடவும் பாடவும் வரும் பிள்ளைகளை உற்று நோக்குங்கள். ஒரு முகத்திலும் அம்மை வடு இல்லை. அவர்கள் பூட்டன் பூட்டியர் காலத்தில் இத்தகைய ஒரு வரிசையைக் கண்டிருக்க இயலாது. இச்செல்வம் தானாக வந்ததன்று. பம்பாயில் கை நீட்டிய 3 வயதுக் குழந்தையும், வெயிலில் வீடுவீடாக நடந்த பெயரறியாத் தொண்டர்களும், அஞ்சியும் கதவைத் திறந்த தாய்மார்களும் ஈட்டித் தந்தது. ஈட்டியவர் பலர், இழப்பதற்கோ நம் மறதி ஒன்றே போதும். மறவாதிருப்போம். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். அச்செல்வத்தை நம் மக்களுக்கு முறையாகச் சேர்ப்போம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் மழலைச் செல்வங்கள்!